ஃபிரீசியா ஆசையும் நிலச்சம்பங்கியும்: யாழ்ப்பாண வளவில் வாசனைக் கிழங்குப்பூ வளர்க்கும் முறை

சில ஆண்டுகளுக்கு முன்பு லண்டனிலிருந்து வந்த மச்சாள், சூட்கேசுக்குள் சொக்லேட்டுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவில் ஒரு சிறு பொதியைக் கொண்டுவந்தாள். மேலே மஞ்சள், ஊதா, வெள்ளைப் பூக்களின் படம். உள்ளே சின்ன வெங்காயம் போன்ற இருபது கிழங்குகள். "இது ஃபிரீசியா. ஒருமுறை மணந்து பார்த்தால் மல்லிகையை மறந்துவிடுவாய்" என்றாள். நான் மல்லிகையை மறக்கத் தயாராக இல்லை. ஆனாலும் கிழங்கை வீணாக்க மனம் வரவில்லை.

தை மாதம் அடுப்படிப் பக்கத்து நிழலில் நட்டேன். முளைத்தது. விசிறிபோல் விரிந்து, வாள் வாளாக இலை விட்டது. வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினேன். பங்குனி வெயில் வந்ததும் இலை மஞ்சளாகிச் சாய்ந்தது. ஒரு மொட்டுக்கூட வரவில்லை. அடுத்த முறை புத்திசாலித்தனமாக, மிஞ்சிய கிழங்குகளைக் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மாதம் வைத்து நட்டேன். அவை முளைக்கவே இல்லை. கிளறிப் பார்த்தால் பழைய கிழங்கின் தலையில் ஒரு புதிய குட்டிக் கிழங்கு உட்கார்ந்திருந்தது. அவ்வளவுதான்.

இந்தத் தோல்விக்கான காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால் எதை நடலாம், எதை நடக்கூடாது என்பதும் புரியும்.

ஃபிரீசியா ஏன் இங்கே பூப்பதில்லை

ஃபிரீசியாவின் ஊர் தென்னாபிரிக்காவின் கேப் பகுதி. அங்கே மழை பெய்வது குளிர்காலத்தில். கோடையில் மண் காய்ந்து கிடக்கும்போது கிழங்கு உறங்கும். மழையும் குளிரும் வரும்போது விழித்து வளரும். குளிர் முடியும்போது பூக்கும். வெப்பத்தில் உறங்குவது, குளிரில் மொட்டு வைப்பது என்ற இந்த இரண்டும் அதே வரிசையில் நடக்க வேண்டும். உறங்கும் கிழங்குக்கு 30 பாகை செல்சியஸ் அளவு வெப்பம் சுமார் மூன்று மாதம் வேண்டும். முளைத்துச் சில இலைகள் விட்ட பிறகு மண் 17 பாகைக்குக் கீழே பல வாரங்கள் இருக்க வேண்டும். அப்போதுதான் குருத்துக்குள் பூ உருவாகும்.

முதல் பாதிக்கு யாழ்ப்பாணத்தில் குறைவே இல்லை. இரண்டாம் பாதிதான் கைகொடுக்காது. இங்கே மார்கழி, தை இரவுகளில்கூட வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே போவது அரிது. ஆகவே செடி இலையை மட்டும் வளர்த்துவிட்டு வெயில் வந்ததும் மறுபடி உறங்கப் போகிறது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்த என் தந்திரம் பலிக்காததற்கும் இதுவே காரணம். குளிர் வேண்டியது வளரும் செடிக்கு. உலர்ந்த கிழங்குக்கு நீண்ட குளிரைக் கொடுத்தால் அது முளைப்பதை விட்டுவிட்டுத் தன் தலையிலேயே இன்னொரு கிழங்கைக் கட்டிக்கொள்ளும்.

பசுமைக்குடில் அமைத்தால் சரிவராதா என்று கேட்பவர்கள் உண்டு. ஐரோப்பாவில் கண்ணாடிக் குடில் கட்டுவது வெப்பத்தைச் சேர்த்து வைக்க. யாழ்ப்பாணத்தில் பொலித்தீன் குடிலுக்குள் மத்தியானம் நுழைந்து பார்த்தவருக்கு வேறு விளக்கம் தேவையில்லை. மண்ணையே குளிரவைக்கும் குழாய் அமைப்பு இருந்தால் நடக்கும். ஒரு பூவுக்காக அந்த மின்சாரக் கட்டணத்தைக் கட்ட நான் யாரையும் தூண்டமாட்டேன். நுவரெலியாவில் உறவினர் இருந்தால் அங்கே முயலலாம்; ஆண்டுச் சராசரியே 16 பாகை அளவில் நிற்கும் இடம் அது.

கடல் கடந்து குளிர் நாட்டில் இருக்கும் உறவுகளுக்கு நான்கு வரி. கண்ணாடிக் குடிலில் ஆவணி முதல் ஐப்பசி வரை, வெளியே என்றால் பனி நின்ற சித்திரையில், வெப்பப் பதம் செய்து விற்கும் கிழங்குகளை வாங்கி நடுங்கள். 5 சென்ரிமீற்றர் ஆழம், 5 முதல் 8 சென்ரிமீற்றர் இடைவெளி, நுனி மேலே. நீர் வடியும் மண், நல்ல வெளிச்சம், குளிர்ச்சியான சூழல். தண்டு மெலிது, இலை உயரும்போதே குச்சியும் நூலும் கட்டிவிடுங்கள். காம்பின் கடைசியில் சீப்புப்போல் வளைந்து நிற்கும் கதிரில் முதல் பூ விரிந்ததும் வெட்டலாம்.

இன்னொன்று. மச்சாள் செய்ததைப்போல் கிழங்கையும் விதையையும் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு வராதீர்கள். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி அதற்கு அனுமதி வேண்டும். அன்று எங்களுக்கு அது தெரியாது. மண்புழுவைவிடச் சிறிய புழுவும் பூஞ்சணமும் கிழங்கோடு வந்து இறங்கினால் பாதிக்கப்படுவது நம் வெங்காயத் தோட்டங்கள்தான்.

நமக்கு உகந்த கிழங்கு

என் ஃபிரீசியாச் சோகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வளவு ஆச்சி, ஒரு நாள் வேலிக்கு மேலால் ஒரு கொத்துக் கிழங்கை நீட்டினார். "தம்பி, வெள்ளைக்காரன் பூவோடு மல்லுக்கட்டாமல் இதை நடு. மாசியில் நட்டால் கோடைக்குள் மணக்கும்." அது நிலச்சம்பங்கி. அதுவும் உள்ளூர்ப் பூ இல்லை, அதன் தாய்நாடு மெக்சிக்கோ என்று ஆச்சியிடம் சொன்னேன். "அப்படியானால் மிளகாயும் வெளியூர்தானே" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

ஃபிரீசியாவிடம் நாம் எதிர்பார்ப்பதெல்லாம் நிலச்சம்பங்கியில் இருக்கிறது: கிழங்கிலிருந்து வளர்வது, நிமிர்ந்த தண்டு, வரிசையாக விரியும் பூ, தலை கிறுகிறுக்கும் வாசனை. நிறம் மட்டும் வெள்ளை ஒன்றுதான். அந்தி சாய்ந்த பிறகுதான் அதன் மணம் முழுதாக எழும். பகலில் மணந்து பார்த்துவிட்டு ஏமாறாதீர்கள். முக்கியமான வேறுபாடு, இது வெப்பத்தில் பூக்கும் கிழங்கு. யாழ்ப்பாணத்து வெயில் இதற்கு இடைஞ்சல் இல்லை, தேவை. இடைஞ்சல் எல்லாம் தண்ணீரால்தான் வரும்: ஐப்பசி முதல் மார்கழி வரை வானத்திலிருந்து விழுவதாலும், கோடையில் கிணற்றிலிருந்து ஏறுவதாலும். இந்த இரண்டையும் சமாளித்துவிட்டால் மற்றது சின்ன வேலை.

இனமும் கிழங்கும்

ஒற்றை அடுக்கு, இரட்டை அடுக்கு என இரண்டு வகை. மாலை கட்டவும் சுவாமிக்குச் சாத்தவும் ஒற்றை அடுக்கு. வாசனையும் அதற்கே கூடுதல். பூச்சாடியில் தண்டோடு வைக்க இரட்டை அடுக்கு. இந்தியாவில் பெங்களூரின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய சிருங்கார், பிரஜ்வால் ஆகியன ஒற்றை. சுவாசினி, வைபவ் ஆகியன இரட்டை. யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வீடு கைமாறும் கிழங்குக்குப் பெரும்பாலும் பெயர் கிடையாது. அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பல ஆண்டுகளாக இந்த மண்ணிலும் இந்தத் தண்ணீரிலும் தாக்குப்பிடித்த கிழங்குக்குப் பெயர் இல்லாவிட்டால் என்ன?

கவலைப்பட வேண்டியது கிழங்கின் தரத்தைப் பற்றி. நிலச்சம்பங்கி நடுபவர்கள் "நட்டேன், இலைதான் வந்தது" என்று சொல்வதைக் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் தவறான கிழங்கை நட்டிருப்பார்கள் என்று நான் பந்தயம் கட்டுவேன். ஒரு முறை பூத்த கிழங்கு மறுபடி பூக்காது. அதன் பக்கத்தில் கிளைத்த பக்கக் கிழங்குகள்தான் பூக்கும். கொத்தைப் பிரித்தால் நடுவில் காய்ந்த தண்டின் அடி ஒட்டிக்கொண்டிருக்கும் ஒன்று தெரியும்; அது கிழவி, அதை எறிந்துவிடுங்கள். சுற்றியிருப்பவற்றில் நூல் நூற்கும் கதிர்போல் நீண்டு, அழுத்தினால் கடினமாக, 25 முதல் 30 கிராம் நிறையோடு இருப்பவற்றை எடுங்கள். தராசு இல்லையென்றால் கட்டைவிரல் பருமன் போதும். அதைவிடச் சிறியவற்றை வேறு பாத்தியில் நட்டு ஓர் ஆண்டு வளர்க்க வேண்டும். அந்த ஆண்டில் அவற்றிடம் பூவை எதிர்பார்ப்பது வீண்.

அப்போதுதான் தோண்டிய கிழங்கை அன்றே நடக்கூடாது. மண்ணை உதறி, வேரை நறுக்கி, காற்றோட்டமான நிழலில் ஒரு மாதமாவது பரப்பி வைக்க வேண்டும். உறக்கம் தெளிந்த கிழங்குகள் ஒன்றுபோல் முளைக்கும். இல்லாவிட்டால் ஒன்று இன்று, ஒன்று அடுத்த மாதம் என்று பாத்தி பல்லுப்போன வாய்போல் இருக்கும்.

எப்போது நடுவது

மாரி முடிந்து மண் பதமாக இருக்கும் தை நடுப்பகுதி முதல் மாசி வரை. என் அனுபவத்தில் இதைவிட நல்ல காலம் இல்லை. நட்டு மூன்று முதல் மூன்றரை மாதத்தில் முதல் தண்டு எழும். அதாவது சித்திரை, வைகாசியில். பிறகு விட்டுவிட்டுப் பூத்துக்கொண்டே இருக்கும். அடுத்த மாரி வருவதற்குள் கிழங்கு கொத்தாகி வேரூன்றியிருக்கும் என்பதால் மழையைத் தாங்கும் பலமும் வந்துவிடும்.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் பூ வேண்டுமென்றால் ஒரு பகுதியைச் சித்திரையில் நடுங்கள். 25 நாள் திருவிழா ஆடிக் கடைசி, ஆவணியை ஒட்டி வரும். கணக்கு ஏறக்குறைய பொருந்தும். ஐப்பசியில் மட்டும் நடாதீர்கள். முளைக்காத கிழங்கு ஊறிய மண்ணில் இருந்தால் இரண்டு வாரத்தில் கூழாகிவிடும். நான் ஒருமுறை அவசரப்பட்டு நாற்பது கிழங்கை அப்படி இழந்தேன். அந்த வாடையை இங்கே வர்ணிக்கப் போவதில்லை.

இடமும் மண்ணும்

நாளில் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழ வேண்டும். மாமரத்தின் கீழே, மதில் நிழலில், பலாவின் அருகில் எல்லாம் இலை செழிக்கும், பூ வராது. சில வீடுகளில் ஜன்னலோரம் நடவிட மாட்டார்கள். வாசத்துக்குப் பாம்பு வரும் என்பார்கள். பாம்பு மணத்தைத் தேடி வருவதில்லை. அடர்ந்த செடிக்குள் ஒதுங்கும் தவளையையும் எலியையும் தேடித்தான் வரும். அடியைத் துப்புரவாக வைத்திருந்தால் ஜன்னலோரமே சிறந்த இடம், இரவில் வாசம் அறைக்குள் வரும்.

யாழ்ப்பாணத்து மண் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. கோண்டாவில், உரும்பிராய், சுன்னாகம், புத்தூர்ப் பக்கத்துச் செம்மண் கொடுத்து வைத்த மண். நீர் நன்றாக இறங்கும், கிழங்கு அழுகும் ஆபத்து குறைவு. வடமராட்சிக் கரையோர மணலில் நீர் நிற்காது, பசளையும் நிற்காது. தாழ்ந்த நிலங்களில், வயலை ஒட்டிய வளவுகளில், களிமண்ணில், மாரியில் இரண்டு நாள் வெள்ளம் நிற்கும். உங்கள் வளவு எது என்று ஊர்ப் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஓர் அடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி, தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது தண்ணீர் இரண்டு, மூன்று மணி நேரத்துக்குள் போய்விட்டால் சாதாரண பாத்தி போதும். அடுத்த நாள் காலையிலும் குழியில் நீர் கிடந்தால் உயர்ந்த பாத்திதான் போட வேண்டும். செம்மண்ணிலும் கிணற்றடி, முற்றம் போன்று கால் மிதித்து இறுகிய இடங்களில் நீர் தேங்கும்; அங்கே அலவாங்கு போட்டு ஒன்றரை அடி ஆழம் கிளறியே ஆக வேண்டும். கீழே சுண்ணக்கல் தட்டுப்பட்டால் இடத்தை மாற்றுங்கள்.

பாத்தியை மூன்று அடி அகலமாக, பத்து அடி நீளமாக, நடைவழியைவிட ஓர் அடி உயரமாக அமைக்கிறேன். மூன்று அடிக்கு மேல் அகலம் வேண்டாம்; நடுவில் களை பிடுங்கக் கை எட்டாது, பாத்திக்குள் ஏறி மிதிக்க வேண்டி வரும். இந்த அளவில் இரண்டு வரிசை, வரிசைக்கு இடையில் 45 சென்ரிமீற்றர், செடிக்குச் செடி 20 சென்ரிமீற்றர் என்று முப்பது கிழங்கு நடலாம். ஏறக்குறைய ஒரு கிலோ கிழங்கு.

இந்த முப்பது சதுர அடிக்கு ஒரு பெரிய கடகம் மக்கிய மாட்டெரு, அதாவது ஏழு எட்டு கிலோ. ஆட்டெரு என்றால் பாதி போதும், அதுவும் பழையதாக இருக்கட்டும். மணல் நிலத்தவர்கள் நம் முன்னோர் செய்ததைப்போல் பனையோலையையும் பூவரசங்குழையையும் வெட்டி அடியில் தாழ்க்கலாம். மழைக்கு முன்பே தாழ்த்தால் தை மாதத்துக்குள் மக்கி, நீரைப் பிடித்து வைக்கும் படுக்கையாகிவிடும். களிமண்ணுக்கு மணலும் தென்னந்தும்புத் தூளும் கலந்து இளக்குங்கள்.

முன்பு புகையிலை, கத்தரி, தக்காளி செய்த தோட்டம் என்றால் இன்னொரு முன்னேற்பாடு உண்டு. அத்தகைய மண்ணில் வேர்முடிச்சு நூற்புழு இருக்கும். நிலச்சம்பங்கிக்கும் அதுதான் பெரிய எதிரி: செடி குட்டையாகும், இலை மஞ்சளாகும், பிடுங்கிப் பார்த்தால் வேரில் மணி கோத்ததைப்போல் முடிச்சுகள். புரட்டாசியில் அந்தப் பாத்தியில் நெருக்கமாகச் செண்டுமல்லி போடுங்கள். மாரி முழுக்க அது வளரட்டும். தை மாதம் வேரோடு வெட்டி மண்ணோடு கொத்திவிடுங்கள். செண்டுமல்லியின் வேரிலிருந்து வரும் பொருள் நூற்புழுவைக் கட்டுப்படுத்தும். நடும்போது பாத்திக்கு ஒரு கிலோ வேப்பம் புண்ணாக்கும் சேர்த்தால் நல்லது. வேப்பமரம் இல்லாத ஒழுங்கை யாழ்ப்பாணத்தில் எங்கே இருக்கிறது? கொட்டையைப் பொறுக்கி இடித்தாலும் போதும்.

நடுகையும் முதல் மூன்று வாரமும்

நுனி மேலே, தட்டையான வேரடி கீழே. நுனிக்கு மேல் ஓர் அங்குல மண். மணலில் இரண்டு அங்குலம். அதைவிட ஆழமாக நட்டால் முளைப்பு தாமதமாகும். நட்டதும் ஒருமுறை நன்றாகத் தண்ணீர் விடுங்கள். பிறகு கையைக் கட்டிக்கொண்டிருங்கள்.

இந்த இடத்தில்தான் பலரும் தவறுகிறார்கள், நானும் தவறினேன். இரண்டு மூன்று வாரத்துக்கு வெளியே ஒன்றும் தெரியாது. பதற்றத்தில் தினமும் வாளி வாளியாக ஊற்றுவோம். வேர் விடாத கிழங்குக்குத் தண்ணீர் வேலையில்லை, அழுகலுக்குத்தான் வேலை. மண் உள்ளே சற்று ஈரமாக இருந்தால் போதும். விரலை ஓர் அங்குலம் விட்டுப் பாருங்கள், தூளாக இருந்தால் மட்டும் தெளியுங்கள். பச்சை முனை எட்டிப் பார்த்த நாளிலிருந்து ஒழுங்கான நீர்ப்பாய்ச்சல் தொடங்கட்டும்.

தண்ணீர்

ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லாத ஊர் இது. நம் செடிகள் எல்லாம் கிணற்றை நம்பியவை. அந்தக் கிணற்று நீரும் கடல் நீரின்மேல் மிதக்கும் நன்னீர்ப் படலம்தான்; மாரியில் தடிக்கும், கோடையில் மெலியும். மோட்டார் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலிருந்து உவர் ஏறும். ஆடி, ஆவணியில் தண்ணீரின் சுவை மாறுவதைக் கரையோர வீடுகளில் எல்லோரும் அறிவார்கள். நிலச்சம்பங்கிக்கு உவர் நீர் ஒத்துவராது. இலை நுனி கருகத் தொடங்கும், பிறகு ஓரம் முழுக்கக் கருகும், தண்டு குட்டையாகும். பலர் இதை நோய் என்று நினைத்து மருந்து அடிக்கிறார்கள்.

வாயில் வைத்தால் உவர்க்கும் நீர் என்றால் நிலத்தில் நடாமல் சாடியில் நட்டு, மாரியில் பிடித்து வைத்த மழைநீரையோ வெளியிலிருந்து வரும் நல்ல தண்ணீரையோ கொடுப்பது நல்லது. லேசான உவர் என்றால் அடிக்கடி கொஞ்சமாகத் தெளிப்பதை நிறுத்துங்கள். அப்படித் தெளிப்பது உப்பை வேரடியிலேயே சேர்க்கும். இடைவெளி விட்டு ஆழமாக ஊற விடுங்கள்; உப்பு கீழே கழுவிப்போகும்.

நல்ல கிணறு உள்ளவர்களுக்குக் கணக்கு எளிது. செம்மண்ணில் ஐந்து நாளுக்கு ஒருமுறை, சோளகக் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, மண்ணை உலர்த்தும் மாதங்களில் நான்கு நாளுக்கு ஒருமுறை. மணலில் ஒன்றுவிட்ட ஒரு நாள். வைக்கோலோ காய்ந்த குழையோ பரப்பி மண்ணை மூடினால் பாதித் தண்ணீர் மிச்சம், ஆனால் மூடாக்கு செடியின் அடியைத் தொடாமல் நான்கு விரல் தள்ளி இருக்கட்டும். தண்டு தெரியத் தொடங்கிய பிறகு மட்டும் மண் காயவிடாதீர்கள்; அப்போது வாடிய செடியின் மேல் மொட்டுகள் விரியாமலே உதிரும்.

சுண்ணாம்பு மிகுந்த கடின நீரால் இன்னொரு குறையும் வரும். இளம் இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் சுண்ணாம்பு அதை வேருக்கு எட்டவிடாமல் பூட்டி வைக்கிறது. பத்து லீற்றர் நீரில் 20 கிராம் அன்னபேதி (இரும்புச் சல்பேற்று) கரைத்து மாலையில் இலையில் தெளித்தால் இரண்டு வாரத்தில் பச்சை திரும்பும். கூட்டெரு தொடர்ந்து போடும் பாத்தியில் இந்தத் தொல்லை குறைவு.

பசளை

பெரிய அளவில் பயிரிடுபவர்களுக்குத் தமிழ்நாட்டில் சொல்லப்படும் அளவு ஹெக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் சத்துகள் தலா 200 கிலோ. அதை நம் முப்பது சதுர அடிப் பாத்திக்குச் சுருக்கினால் ஆண்டுக்குத் தழைச்சத்துக்கு யூரியா 120 கிராம், மணிச்சத்துக்கு ரி.எஸ்.பி. 120 கிராம், சாம்பல் சத்துக்கு எம்.ஓ.பி. 95 கிராம் அளவில் வரும். பின்னிரண்டையும் நடும்போது மண்ணில் கலந்துவிடலாம். யூரியாவை மட்டும் மூன்றாகப் பிரித்து நடுகையின்போது, 60ஆம் நாள், 90ஆம் நாள் என்று 40 கிராம் வீதம் போட்டு நீர் பாய்ச்ச வேண்டும்.

எருவும் கூட்டெருவும் தாராளமாகப் போட்டிருந்தால் யூரியாவைப் பாதியாக்குங்கள் என்பது என் கட்சி. யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பது பழைய செய்தி. தோட்டத்தில் கொட்டுவது சுண்ணக்கல்லின் வெடிப்புகளால் நேரே குடிநீருக்குள் இறங்குகிறது. தவிர, தழைச்சத்து மிஞ்சினால் செடி புல்லாகக் கொழுக்கும், தண்டு வராது.

மாரியைத் தாண்டுவது

ஓர் ஆண்டில் இங்கே பெய்யும் மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையான மூன்று மாதத்தில் கொட்டித் தீர்க்கிறது. புரட்டாசிக் கடைசியில் மூன்று வேலை: மூடாக்கை அகற்றுதல், பாத்தியைச் சுற்றி வாய்க்காலை அரை அடி ஆழப்படுத்தி வெளியே வழி வெட்டுதல், செடியின் அடியில் காய்ந்த இலைகளைக் கழித்தல். பசளை போடாதீர்கள்.

அடைமழைக் காலத்தில் இலை திடீரென்று வெளிறிச் சாய்ந்து, இழுத்தால் கையோடு வந்துவிட்டால் அடியைப் பாருங்கள். வெள்ளைப் பஞ்சுபோல் படர்ந்து, அதில் கடுகு மணி அளவு உருண்டைகள் இருந்தால் அது தண்டழுகல். அந்த உருண்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். செடியையும் சுற்றியுள்ள ஒரு கடகம் மண்ணையும் சேர்த்து அகற்றி வளவுக்கு வெளியே கொண்டுபோங்கள். கூட்டெருக் குழிக்குள் போட்டால் அடுத்த ஆண்டு வளவு முழுக்கப் பரப்பியவர் நீங்களே. நோய்ப் பூஞ்சணத்தை அடக்கும் டிரைக்கோடெர்மா என்ற நல்ல பூஞ்சணம் கிடைத்தால் எருவில் கலந்து, நடுவதற்கு முன் மண்ணில் இடுங்கள். வந்த பிறகு போடுவதைவிட வராமல் காப்பதில்தான் அதன் பலன் தெரியும். பரவல் அதிகமாக இருந்தால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் ஒரு செடியைப் பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். கடைக்காரரிடம் "ஏதாவது ஒரு மருந்து" கேட்பது காசுக்கும் கேடு, மண்ணுக்கும் கேடு.

தாழ்ந்த நிலத்தவர்களுக்கு இரண்டு வழி. பாத்தியின் மேல் தெளிந்த பொலித்தீனால் சாய்கூரை போட்டு, பக்கங்களைத் திறந்து விடலாம். இல்லையென்றால் புரட்டாசியிலேயே கிழங்கைத் தோண்டி எடுத்துத் தை வரை வீட்டுக்குள் உலர வைக்கலாம். நான் இரண்டாவதையே விரும்புவேன். கூரை வாடைக் காற்றில் பறந்தால் அடுத்த வளவுக்காரரின் கோழிக்கூட்டில் போய் விழும்.

பூச்சிகள்

மொட்டுக்குள் துளை இருந்தால் மொட்டுப்புழு. காலையில் பார்த்துக் கையால் பொறுக்குங்கள். மொட்டு வெள்ளிபோல் கீறல் விழுந்து கோணினால் பனிப்பூச்சி, இலை இடுக்கில் வெள்ளை மாப்போல் இருந்தால் மாப்பூச்சி. இரண்டுக்கும் வேப்பெண்ணெய் 30 மில்லிலீற்றரைக் கொஞ்சம் சவர்க்காரக் கரைசலோடு பத்து லீற்றர் நீரில் அடித்துக் கலக்கி, வெயில் தாழ்ந்த பின் தெளித்தால் போதும். மாரியில் நத்தை வரும். ஆடு எல்லாப் பருவத்திலும் வரும். அதற்கு மருந்து வேலிதான்.

சாடியில் வளர்க்க

ஓர் அடி அகலச் சாடியில் நான்கு கிழங்கு. செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, கூட்டெரு ஒரு பங்கு. அடித் துவாரம் அடைபடாமல் ஓட்டுத்துண்டு வையுங்கள். சீமெந்துத் தரையில் வெயிலில் வைத்தால் வேர் அவியும். கீழே இரண்டு செங்கல் கொடுத்து உயர்த்துங்கள். மழைக்காலத்தில் சாடியைத் தாழ்வாரத்துக்கு இழுத்துவிடலாம் என்பதே இதன் பெரிய வசதி.

பூ எடுப்பது

தண்டு இரண்டு மூன்று அடி உயரும். சோளகம் வீசும் திசைக்கு எதிராகக் கிளுவைத் தடி நட்டு வாழைநாரால் தளர்வாகக் கட்டுங்கள். பச்சைத் தடி வேர்விட்டுவிடும், ஆகவே காய்ந்ததாக எடுங்கள். பூ அடியிலிருந்து நுனிக்கு நாளுக்கு ஓரிரு சோடியாக விரியும். மாலைக்கு என்றால் அன்று விரியவிருக்கும் பருத்த மொட்டுகளைச் சூரியன் ஏறுமுன் பறித்து, ஈரத்துணி விரித்த பனையோலைப் பெட்டியில் இடுங்கள். பூச்சாடியில் தண்டோடு வைக்க என்றால் அடியில் ஒன்றிரண்டு சோடி விரிந்ததும் தண்டை வெட்டி, நேரே தண்ணீருக்குள் வையுங்கள். தினமும் நீர் மாற்றி, தண்டின் அடியைச் சிறிது நறுக்கிவந்தால் ஒரு வாரம் நிற்கும். படுக்கையறையில் ஒரு தண்டு போதும். இரண்டு வைத்தால் தலை வலிக்கும் என்று வீட்டில் சொல்வார்கள். என் வீட்டில் சொன்னார்கள்.

பூ முடிந்த தண்டை அடியோடு வெட்டிவிடுங்கள், இலையை விட்டுவிடுங்கள். அடுத்த ஆண்டுக் கிழங்கை வளர்ப்பது அந்த இலைதான்.

கொத்தைப் பிரிப்பது

இரண்டாம் ஆண்டு பூ அதிகம் வரும். மூன்றாம் ஆண்டில் கொத்து நெருங்கி, தண்டு மெலிந்து குட்டையாகும். அப்போது பிரிக்க வேண்டும். ஆவணிக் கடைசியில் தண்ணீரை நிறுத்துங்கள். இலை மஞ்சளானதும், மழை தொடங்குமுன், மண்வெட்டியைக் கொத்திலிருந்து ஓர் அடி தள்ளிப் போட்டு முழுதாகக் கெல்லி எடுங்கள். கிழவிகளைக் கழித்து, பெரியது, சிறியது என்று பிரித்து, கடகத்தில் ஒரே அடுக்காகப் பரப்பி, அடுப்படிப் புகை படும் பரணிலோ காற்று வரும் விறாந்தையிலோ வையுங்கள். வாரத்துக்கு ஒருமுறை புரட்டி, மெத்தென்று இருப்பவற்றை எறியுங்கள். பொலித்தீன் பையில் கட்டி வைத்தால் மாரி ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும்.

முப்பது கிழங்கு நட்ட பாத்தியிலிருந்து நூற்றுக்கணக்கில் கிடைக்கும். வேலிக்கு மேலால் நீட்டுவதற்கு எனக்கும் இப்போது ஆள் தேவைப்படுகிறது. மச்சாள் அடுத்த முறை வரும்போது கேட்பாள் என்று தெரியும். அவளுக்குப் பூவை மட்டும் கொடுப்பேன்.